அப்பளத்துக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

தன் மாமியார் வைத்த பெயரில், தன் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த அப்பளத்தை விற்றதற்காக மதுரையில் ஒரு பெண்மணிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அது 2012. “மேற்படி வணிகக்குறியின் பதிவு பெற்ற உரிமையாளர் எமது கட்சிக்காரர். தாங்கள் அதைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தி வருகிறீர்கள். இந்த அறிவிப்பு கிடைத்த 7 நாட்களுக்குள் விற்பனையை நிறுத்தி, கைவசமுள்ள லேபிள்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும்” என்று எழுதியிருந்தது. நஷ்டஈடும் கேட்டிருந்தார்கள். பதிவுச் சான்றிதழின் நகலையும் இணைத்திருந்தார்கள். அசல் சான்றிதழ்தான், எண், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

அந்தக் குடும்பத்தின் பெயரையும் அப்பளத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஒரு பறவையின் பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். லேபிளில் அந்தப் பறவை மாங்கிளையில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பறவையைச் சொல்லி “அந்த மார்க்குல ரெண்டு கட்டு குடு” என்பார்கள்.

ஜெய்ஹிந்துபுரத்தில் 1986-இல் அந்த மாமியார் தொடங்கிய தொழில் அது. உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பிரண்டைச் சாறு. அதிகாலையில் மாவைப் பிசைந்து, உலக்கையால் இடித்து, உருட்டி, திரட்டி, வெயில் ஏறுவதற்குள் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். நோட்டீஸ் வந்த சமயத்தில் 40 பெண்களுக்கு அங்கே வேலை. மாமியார் அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார்.

நோட்டீஸ் அனுப்பியவர் அந்நியர் இல்லை. கொங்குப் பகுதியில் அவர்களுடைய அப்பளத்தை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஏஜென்ட்.

“எங்க அத்தை கையால சோறு தின்னவன் சார் இவன். அக்கா அக்கான்னு வாசல்ல வந்து நிப்பான். இப்ப அந்தப் பேரே அவன் பேருங்கிறான். அப்படியும் எழுதி வாங்க முடியுமா?”

அந்த அம்மா நோட்டீஸோடு வந்து இப்படிக் கேட்டபோது, முடியும் என்பதுதான் வக்கீலாக நான் சொல்ல வேண்டியிருந்த பதில். எப்படி முடிந்தது என்பதை விளக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது வணிகக்குறிப் பதிவகம். தென் மாநிலங்களின் விண்ணப்பங்கள் எல்லாம் அங்கேதான் போகும். விண்ணப்பம் வந்ததும் ஆய்வாளர் தன்னிடமுள்ள பதிவேட்டில், அதே போன்ற பெயர் அதே வகைப் பொருளுக்கு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று தேடுவார். அப்பளம் 30-ஆம் வகுப்பு. காபி, டீ, மாவு, மசாலா எல்லாம் சேர்ந்த வகுப்பு அது. ஜெய்ஹிந்துபுரத்து மாடியில் காய்கிற அப்பளம் அவருடைய கணினியில் இருக்காது. யாராவது பதிவு செய்திருந்தால்தான் இருக்கும். ஏஜென்ட் 2009-இல் விண்ணப்பித்தார். தடையாக எதுவும் தென்படவில்லை. பெயர் வணிகக்குறி இதழில் வெளியானது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுப்புவதற்காகத்தான் அந்த இதழே இருக்கிறது. அப்போது 3 மாதம், கேட்டால் இன்னும் 1 மாதம் என்று அவகாசம் இருந்தது. 2013 ஜூலை முதல் ஒரே அடியாக 4 மாதம் என்று ஆக்கிவிட்டார்கள். அவகாசம் கேள்வியில்லாமல் கழிந்தது. 2011-இல் சான்றிதழ் வந்துவிட்டது.

அந்த இதழ் வாராவாரம் வருகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் உளுந்து விலையும் மழை வருமா என்பதும் பற்றியே நாள்முழுக்கக் கவலைப்படுகிற ஒரு குடும்பம் அதைப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அப்பளக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சங்கங்கள், தொழில் மையங்கள், கடன் கொடுக்கிற வங்கிகள் என்று அவர்களோடு தினமும் பழகுகிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டத்தில் அந்த அம்மாவுக்கு இடம் இருந்தது. நல்ல இடமே இருந்தது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, பதிவு வாங்கியவர், தனக்கு முன்பிருந்தே தொடர்ந்து அந்தக் குறியைப் பயன்படுத்தி வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது. 27(2)-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதிவே இல்லாத ஒருவர்கூட, தன் சரக்கு என்று நம்பவைத்து இன்னொருவர் விற்றால் அவர்மேல் வழக்குப் போடலாம். எதிராளி கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் போடலாம். பெயரை உண்டாக்கியது உழைப்பு. பதிவகம் அதை ஏட்டில் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவே. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. படித்த நாளிலிருந்து இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சிக்கல் தேதியில் இருந்தது. 34-ஆவது பிரிவின்படி, எதிராளி பயன்படுத்தத் தொடங்கிய தேதி, அவருடைய பதிவுத் தேதி, இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து நாம் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஏஜென்ட் தன் விண்ணப்பத்தில் 1998 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவதற்கு ஒரு தாளையும் இணைக்க வேண்டியதில்லை. 2017 விதிகள் வந்த பிறகுதான், இன்ன தேதி முதல் பயன்படுத்துகிறேன் என்பவர் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் தர வேண்டும் என்று ஆனது. ஆக, 1998-க்கு முன்பே அந்தப் பறவை லேபிளோடு அப்பளம் விற்றது என்பதற்கு எங்களிடம் காகிதம் வேண்டும்.

குடிசைத் தொழிலில் காகிதத்துக்கு எங்கே போவது? வரிக் கணக்கு இல்லை. இன்றைக்கும் அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பலருக்கு ஒழுங்கான பில் போடும் பழக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம். உணவுப் பாதுகாப்பு உரிமம் 2011-க்குப் பிறகு வந்தது. பழைய லேபிள் ஒன்று கிடைத்தது. அதில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 2 இல்லை. லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தது 2000-களின் தொடக்கத்தில் என்பது ஊரறிந்த விஷயம். அந்த அம்மாவின் மகன் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவந்தான். நல்ல கண்தான் அவனுக்கு. ஆனால் அந்த லேபிள் 2002-க்கு முந்தியது என்றுதான் அது காட்டும், 1998-ஐத் தாண்டாது.

பிறகு சிவகாசிக்குப் போனோம். லேபிள் அடித்துக்கொடுத்த அச்சகம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார், மகன் பார்த்துக்கொண்டார். நல்ல அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் ஒரு தாளை எடுத்து ஒரு பெரிய நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி, எண்ணிக்கை, மை நிறம் எல்லாம் குறித்து வைப்பார்கள். மறுபடி ஆர்டர் வரும்போது நிறம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. பரணிலிருந்து இறக்கிய அந்த நோட்டுகளில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த ஒன்றில், 1991-ஆம் ஆண்டுப் பக்கத்தில், மாங்கிளையும் பறவையும் ஒட்டியிருந்தன. பச்சை நிறம் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. பக்கத்தில் ஊதா மையில் மாமியாரின் பெயர், “ஜெய்ஹிந்துபுரம், மதுரை”, “10,000”. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் லேபிள் அடித்தார்கள் என்பதும் அந்தப் பெயரில் சரக்கு விற்றது என்பதும் ஒன்றல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் அதைத்தான் பிடிப்பார். விற்றதற்குச் சாட்சி வேண்டும். வீட்டில் இன்னொரு முறை தேடச் சொன்னேன். “பழைய கம்பி ஏதாவது இருக்கா பாருங்க” என்றேன். அந்தக் காலத்துக் கடைகளிலும் வீட்டுத் தொழில்களிலும் கோப்பு என்று ஒன்று கிடையாது. கீழே மரவட்டமும் மேலே கொக்கியும் வைத்த ஒரு கம்பி இருக்கும். வருகிற கடிதம், ரசீது, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் அதில் குத்தி மாட்டிவிடுவார்கள். நிறைந்துபோனால் அப்படியே ஓர் ஆணியில் தொங்கும்.

கிடைத்தது. மாவரைக்கும் அறையில், கதவுக்குப் பின்னால். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியிருக்கிற எதையும் தூக்கிப் போடவும் மாட்டார். கம்பி முழுக்க மாவுத்தூசி. ஒவ்வொரு தாளின் நடுவிலும் துருப்பிடித்த ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். பெரும்பாலும் லாரி ஆபீஸ் ரசீதுகள், உளுந்துக் கடைச் சீட்டுகள். நடுநடுவே அஞ்சல் அட்டைகள். அந்த ஏஜென்ட் எழுதியவை. “அக்காவுக்கு வணக்கம். இங்கு நம்ம மார்க் நன்றாகக் கேட்கிறார்கள். இந்த வாரம் 200 கட்டு சேர்த்து அனுப்பவும். லேபிள் இல்லாமல் வந்த கட்டைக் கடைக்காரர் திருப்பிவிட்டார்” என்று ஒரு அட்டை. பறவையின் பெயரை அவரே எழுதியிருந்தார். அஞ்சல் முத்திரையில் 1996 தெளிவாக விழுந்திருந்தது.

லேபிள் இல்லாத கட்டைக் கடைக்காரர் திருப்பிவிட்டார் என்ற அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வழக்கின் மேல் முழு நம்பிக்கை வந்தது. வாங்குகிறவர் அப்பளத்தை அந்தப் பறவையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார் என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை எதிராளியே தன் கைப்பட எழுதியிருந்தார், தபால்துறை தேதி முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தது.

இதற்கிடையில் நாங்கள் இரண்டு இடங்களில் நடவடிக்கையைத் தொடங்கியிருந்தோம். பதிவேட்டிலிருந்து அந்தப் பதிவை நீக்கக் கோரி, சென்னை தேனாம்பேட்டையில் அப்போது இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் ஒரு மனு. 2021-இல் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். இன்றானால் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ போட வேண்டும். அந்த மனுவை முதலில் போட்டதற்குக் காரணம் உண்டு. ஏஜென்ட் தன் ஊரில் அத்துமீறல் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்த்தோம். பதிவு பெற்றவர் தான் தொழில் செய்யும் இடத்திலேயே வழக்குப் போட 134-ஆவது பிரிவு இடம் தருகிறது. நீக்கல் மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால், 124-ஆவது பிரிவின்படி அந்த அத்துமீறல் வழக்கு அப்படியே நின்றுவிடும். எதிர்பார்த்தபடி அவர் போட்டார். சட்டம் சொன்னபடி அதுவும் நின்றது.

இரண்டாவது, மதுரை முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு. இங்கே ஒரு நுணுக்கம். பதிவில்லாதவர் போடும் வழக்குக்கு, தான் குடியிருக்கும் ஊரில் போடும் அந்தச் சலுகை கிடையாது. எதிராளியின் சரக்கு மதுரையில் விற்றதைக் காட்டினால்தான் மதுரை நீதிமன்றத்துக்கு அதிகாரம் வரும். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் அவருடைய கட்டு ஒன்றைப் பில்லோடு வாங்கிவரச் செய்தோம். மாங்கிளை அப்படியே இருந்தது. பறவை மட்டும் மறுபக்கம் திரும்பியிருந்தது. அதைப் பிரித்துப் பொரித்துப் பார்த்த அந்த அம்மா, “அரிசி மாவு கலந்திருக்கான் சார், எண்ணெய் குடிக்குது” என்றார். அவருடைய முழுக்கவலையும் அதில்தான் இருந்தது. வாங்கின பெண்கள் இது இவருடைய அப்பளம் என்று நினைத்து ஏசுவார்களே என்று.

இடைக்காலத் தடை கேட்டபோது எதிர்த்தரப்பு முழுக்க முழுக்கச் சான்றிதழைக் காட்டியே வாதாடியது. பதிவு என்பதே செல்லத்தக்கது என்பதற்கு முதல்நிலைச் சான்று, 31-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். உண்மைதான், முதல்நிலைச் சான்றுதான். முடிவான சான்று இல்லை. நீதிபதி அச்சகத்து நோட்டையும் அஞ்சல் அட்டைகளையும் நிதானமாகப் பார்த்தார். தடை கொடுத்தார்.

தடை வந்தும் ஏஜென்ட் சும்மா இருக்கவில்லை. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, வேறொரு அர்த்தம் வருகிற சொல்லாக ஆக்கி, புது லேபிள் அடித்துவிட்டார். பறவையையும் எடுத்துவிட்டார். “இது வேறு பெயர், வேறு பொருள்” என்று வாதம். தடையாணையை மீறியதற்கு மனுப் போட்டோம். நான் கையில் எடுத்தது மூக்குப்பொடி வழக்கு ஒன்றை. ஸ்ரீ அம்பாள் மூக்குப்பொடிக்கு எதிராக ஸ்ரீ ஆண்டாள் என்ற பெயர் பதிவுக்கு வந்தது. அம்பாள் சிவனுடைய சக்தி, ஆண்டாள் வைணவர்களின் நாச்சியார். இரண்டையும் எந்தப் பக்தரும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆனாலும் 1969-இல் உச்ச நீதிமன்றம், காதில் விழும் ஓசை ஒன்றுபோல இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குகிறவர் ஏமாறுவார் என்று சொல்லி ஆண்டாளை அனுமதிக்கவில்லை. மளிகைக் கடையில் கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டிச் சத்தம்போட்டுக் கேட்டு வாங்குகிற ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இல்லை. புது லேபிளும் நின்றுபோனது.

சாட்சி விசாரணையில் சிவகாசிப் பெரியவரே வந்தார். மகனை அனுப்புவார் என்று நினைத்திருந்தோம். நோட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அது யார் எழுத்து, அந்த ஊதா மை எது, அன்று எந்த மிஷினில் ஓடியது என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். “இந்த நோட்டை இந்த வழக்குக்காகத் தயாரித்தீர்களா?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். அதே ஆண்டில் அடித்த தீப்பெட்டி லேபிள், ஊதுபத்தி அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தன. அதன் பிறகு அவரிடம் அதிகம் கேட்கவில்லை.

ஏஜென்ட் கூண்டில் ஏறிய அன்று அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இவருக்கும் இடையே பத்தடி இருக்கும். அவர் ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. 1998-இல் நானே இந்தப் பெயரை யோசித்து வைத்தேன், நானே பல இடங்களில் அப்பளம் வாங்கி இந்தப் பெயரில் கட்டி விற்றேன், மதுரையிலிருந்து வாங்கியது பெயரில்லாத சரக்கு என்றார். நான் அஞ்சல் அட்டைகளை முதலில் காட்டவில்லை. பெயரில்லாத சரக்கு என்பதை இரண்டு மூன்று விதமாகக் கேட்டு, அவர் அதில் உறுதியாக நிற்கும்வரை விட்டேன். பிறகு 1996 அட்டையைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓட்டையைச் சுற்றியிருந்த துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார். கையெழுத்து உங்களுடையதா என்றேன். ஆமாம் என்றார். லேபிள் இல்லாத கட்டைத் திருப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த லேபிள் என்றேன். வெகுநேரம் பதில் வரவில்லை. நீதிபதி ஒருமுறை நினைவூட்டினார். “அக்கா லேபிள்தான்” என்றார்.

அதோடு வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வாய்தா, எழுத்துமூல வாதம் என்று இன்னும் சில காலம் நீண்டது. ஆனால் அவர் பொய்யை வைத்துக்கொண்டு மேலே போக விரும்பவில்லை என்பது அன்றே எனக்குத் தெரிந்தது. கூண்டிலிருந்து இறங்கிய மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த லேபிளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பழக்கியவரும் அவர்தான். இருபது ஆண்டு தூக்கிச் சுமந்த பெயர் தன்னுடையதாகிவிட்டது என்று ஒரு கட்டத்தில் நம்பவே தொடங்கியிருப்பார். சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. விநியோகம் செய்பவர் எத்தனை காலம் விற்றாலும் அந்தப் பெயரின் நல்மதிப்பு அதை உருவாக்கியவருக்கே போய்ச் சேரும், வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி. அப்படியும் சரி, அதற்கு மாறாகவும் சரி, இவர்களிடையே எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் இருந்ததில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. ஏஜென்ட் வைக்கிற ஒவ்வொருவரிடமும் நான் இன்று வற்புறுத்துவது இந்த ஒரு பக்க ஒப்பந்தத்தைத்தான்: பெயர் எங்களுடையது, நீங்கள் விற்பதற்கு மட்டும் அனுமதி, உறவு முடிந்தால் அனுமதியும் முடிந்தது.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு. அங்கே இரண்டு தரப்புமே பதிவு வாங்கியிருந்தார்கள். பரம்பரையாகக் கடை நடத்திய குடும்பத்திடமும் பதிவு, அதே பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்தவரிடமும் பதிவு. பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவர்மேல் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்பது ஒரு பக்கம். ஆனால் முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் வரும் உரிமையைவிட மேலானது, பதிவு புதிதாக உரிமையைப் படைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கிற உரிமையை அங்கீகரிக்கிறது என்று நீதிமன்றம் விரிவாகச் சொல்லிவிட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான விளக்கில் நடக்கிற அந்தக் கடை, தமிழ்நாட்டில் பதிவில்லாமல் தொழில் செய்கிற எத்தனையோ பேருக்குப் பெரிய துணையாக வந்து நின்றது. தீர்ப்பின் நகலை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்தேன். அவர் ஏற்கெனவே படித்திருந்தார். அடுத்த வாரமே சமாதானப் பேச்சு வந்தது.

அவர்கள் சொன்னது இது: பதிவை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்றி எழுதித் தருகிறோம், நஷ்டஈடு கேட்காதீர்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பதிவை ரத்து செய்ய வைத்தால், அந்த அம்மாவின் பெயரில் நாங்கள் 2012-இல் தனியாகப் போட்டிருந்த பதிவு விண்ணப்பத்தின் தேதிதான் நிற்கும். மாற்றி வாங்கினால் 2009 தேதி கிடைக்கும். இடையில் வேறு யாராவது நுழைந்திருந்தால்கூட நாமே முந்தியவர். அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் முகம் இறுகிவிட்டது.

“அவன் எழுதிக் குடுத்து நான் வாங்குனா, அது இத்தனை நாளும் அவன் சொத்தா இருந்துச்சுன்னு ஆகாதா சார்? எங்க அத்தை பேரு எதுலயும் இருக்காதே.”

அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடாமல் பத்திரத்திலேயே பதில் எழுதினோம். மாற்றிக்கொடுக்கும் ஷரத்துக்கு முன்னால் ஒரு பத்தி: இந்தப் பெயரையும் படத்தையும் 1986-ஆம் ஆண்டு முதன்முதலில் வைத்து மதுரையில் அப்பளத் தொழில் நடத்தியவர் இன்னார் என்பதையும், தான் அவரிடம் சரக்கு எடுத்து விற்றவர் மட்டுமே என்பதையும், பதிவினால் தனக்கு ஏதேனும் உரிமை இருப்பின் அதை நல்மதிப்போடு சேர்த்து அவருடைய வாரிசுக்கு ஒப்படைப்பதாகவும் எதிராளி ஒப்புக்கொள்கிறார். மாமியாரின் பெயர் முழுப்பெயராக, தகப்பனார் பெயரோடு. பத்திரம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தார். பதிவகத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தனியாகச் சான்றொப்பத்தோடு இணைத்தோம். அந்தப் பத்தியை ஏஜென்ட் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன்படியே நீதிமன்றத்தில் சமரசத் தீர்ப்பாணை ஆனது. வாரியத்து மனுவைத் திரும்பப் பெற்றோம்.

நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்ததில் மகனுக்கு வருத்தம். வழக்குச் செலவு பெரியதுதான். தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தால் அது வேண்டியிருக்காது. இன்றைய பதிவுக் கட்டணத்தைச் சொல்கிறேன்: தனிநபரோ சிறு தொழிலோ இணையவழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. டி.எம்.-ஏ என்ற ஒரே படிவம். 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்தின் ஒரு வாரத்துச் சம்பளப் பட்டுவாடாகூட இல்லை இந்தத் தொகை.

பதிவு கையில் வந்தபின் கேட்கப்பட்ட சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் கேட்பவை. பெயரையும் லேபிளையும் தனித்தனியாகப் பதிவு செய்வது நல்லது. லேபிளைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு உண்டு. “மதுரை அப்பளம்” என்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் எல்லாருக்கும் பொது. வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு ஆன பிறகுதான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது போடுவது 107-ஆவது பிரிவின்படி கூடாது. அதுவரை டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு செய்துவிட்டு 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதை நீக்கக் கோரவும் வழி இருக்கிறது. ஊறுகாய் தொடங்குவதாக இருந்தால் அது 29-ஆம் வகுப்பு, தனி விண்ணப்பம். இணையத்தில் விற்கப்போனால் சில தளங்களில் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள்.

2019-இல் புதுப்பித்தார்கள். இப்போது தொழிலை மகனும் மருமகளும் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை இதழ் வந்ததும் 30-ஆம் வகுப்பை மருமகள் பார்த்துவிடுகிறார். அண்மையில் கேரளத்திலிருந்து ஒருவர் பப்படத்துக்கு அதே பறவையின் பெயரைக் கேட்டு விண்ணப்பித்திருந்தது அவர் கண்ணில்தான் பட்டது. 4 மாதக் கெடுவுக்கு வெகு முன்னதாகவே டி.எம்.-ஓ படிவத்தில் 2,700 ரூபாய் கட்டி எதிர்ப்பு போட்டோம். எதிருரை வந்திருக்கிறது; பப்படமும் அப்பளமும் வேறு வேறு பண்டம், வாங்குகிறவர் குழம்ப மாட்டார் என்கிறார்கள். ஒரே கடையில் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்து விற்கிற பண்டங்கள் இவை. பாலக்காட்டுக்கும் கொச்சிக்கும் சரக்குப் போன பில்கள் 2016 முதல் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றை இணைத்து எங்கள் பிரமாணப் பத்திரத்தை 2 மாதத்துக்குள் போட வேண்டும். இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.